புல்வெட்டும் இயந்திரத்தைக் கிணற்றடியில் வைக்கலாமா? கறுத்த ஒயிலை என்ன செய்வது?

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் வீட்டையும் வளவையும் அவர் பார்த்துக்கொள்கிறார். வீட்டின் முன்புறத்தில் பழைய மண் முற்றத்துக்குப் பதிலாக இப்போது புற்றரை இருக்கிறது. அதற்காகத் தள்ளிச் செல்லும் பெற்றோல் புல்வெட்டி ஒன்றும், வேலியோரத்துக்கென்று தோளில் கொளுவும் புல்வெட்டி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பங்குனி கழிந்ததும் புல் வளர்வது குறைந்துவிடுவதால், இரண்டையும் கிணற்றடியில் உள்ள மோட்டர் கொட்டிலுக்குள் விட்டிருக்கிறார். புல்வெட்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் மாற்றிய கறுத்த ஒயில் நான்கு லீற்றர் கான் ஒன்றில் முக்கால்வாசி சேர்ந்திருக்கிறது. அதைக் கறையானுக்காகப் படலைத் தூணுக்கும் பந்தற் கால்களுக்கும் ஊற்றும்படி அயல்வீட்டு ஐயா சொல்கிறார். இயந்திரத்தோடு வந்த புத்தகமோ பனிக்காலத்தில் எப்படி வைப்பது என்பதை மட்டுமே சொல்கிறது. எதைச் செய்வது என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இயந்திரங்களையும் இன்றைக்கே கிணற்றடியிலிருந்து அகற்றுங்கள். அந்த ஒயிலில் ஒரு துளியையும் நிலத்தில் ஊற்றாதீர்கள். மற்றவை எல்லாவற்றையும் ஆறுதலாகச் செய்யலாம், இந்த இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீரிறைக்கும் இயந்திரங்களையும் அண்மைக் காலத்தில் புல்வெட்டிகளையும் திருத்தி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலைத் தொடங்க முடியாது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கிய நீரைத்தான். அந்த நன்னீர், அதனிலும் பாரமான உவர்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. சுண்ணாம்புக்கல் மணலைப் போல நீரை வடித்து அனுப்பும் பாறை அன்று. மழைநீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய வெடிப்புகளும் குகைகளும் நிறைந்தது. நிலாவரைக் கிணறும் ஊரெழுப் பொக்கணையும் அப்படி உண்டானவையே. கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊற்றெடுப்பதும் இந்த வழிகளால்தான். வலிகாமத்துச் செம்மண் எவ்வளவு வளமானதாக இருந்தாலும், பல இடங்களில் சில அடி தோண்டினால் கல் வந்துவிடும். ஆகவே நிலத்தின் மேல் ஊற்றப்படுவது, வடிகட்டப்பட அதிக வாய்ப்பில்லாமல், அடுத்த மாரியிலோ அதற்கு அடுத்த மாரியிலோ ஒரு கிணற்றைச் சென்றடையும். அது ஊற்றியவரின் கிணறாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தோட்டங்களில் இடப்படும் யூரியா நைத்திரேற்றாக மாறிக் கிணறுகளில் சேர்ந்து, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைச் சில இடங்களில் கடந்திருப்பதை நாம் நெடுங்காலமாக அறிவோம். உரத்துக்கு நேர்வது ஒயிலுக்கும் நேரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பங்கு பாவித்த ஒயில் பத்து இலட்சம் பங்கு நீரைக் கெடுக்க வல்லது என்று சுற்றாடல் துறையினர் கூறுவது வழக்கம். தள்ளிச் செல்லும் புல்வெட்டி ஒன்றில் ஒருமுறை மாற்றும் ஒயில் ஏறத்தாழ அரை லீற்றர். அந்தக் கணக்கின்படி அது ஐந்து இலட்சம் லீற்றர் நீருக்குக் கேடு. நான்கு மீற்றர் விட்டமும் மூன்று மீற்றர் ஆழத்துக்கு நீரும் உள்ள ஒரு கிணற்றில் ஏறக்குறைய 37,700 லீற்றர் நீர் நிற்கும். அப்படியானால், உங்கள் புல்வெட்டியின் ஒரே ஒரு ஒயில் மாற்றம் பதின்மூன்று கிணறுகளின் நீருக்குச் சமமான அளவைக் கெடுக்கப் போதுமானது. உங்கள் கானில் இருப்பது அதைப்போல ஆறு மடங்கு. ஒயில் முழுவதும் ஒரே நாளில் நீரில் கலந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் மெல்ல மெல்லக் கலப்பது ஒருவகையில் அதைவிடத் தீமையானது, ஏனெனில் மணம் வரும்வரை எவரும் அறியமாட்டார்கள்.

சுன்னாகத்தை நாம் மறந்துவிடக் கூடாது. மின் உற்பத்தி நிலையச் சூழலில் இருந்து கசிந்த கழிவு எண்ணெய் சுற்றியுள்ள கிணறுகளில் கலந்திருப்பது 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் மக்கள் பிரச்சினையாக எழுந்தது. சொந்த வளவில் கிணறு இருந்தும், மக்கள் பவுசர் தண்ணீருக்குப் பாத்திரங்களோடு காத்திருக்க நேர்ந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பானது. அந்த அளவு எண்ணெயோடு ஒரு வீட்டுக் கானை ஒப்பிட முடியாது. ஆனாலும் கல்லும் நீரும் அதே கல்லும் நீரும்தான். வலிகாமத்தில் எத்தனை வளவுகளில் புல்வெட்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், மின்பிறப்பாக்கி என்று ஒயில் மாற்றப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி அயல்வீட்டு ஐயா சொன்னதற்கு வருகிறேன். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. மரத்துக்குக் கறுத்த ஒயில் பூசுவது எங்கள் தந்தையர் காலத்திலிருந்து நடந்துவரும் பழக்கம், கறையானும் சிறிது காலம் ஒதுங்கியிருக்கும். ஆனால் என்ஜினுக்குள் ஓடி வெளியேறும் ஒயில் தொடக்கத்தில் போத்தலில் வந்த ஒயில் அன்று. தேய்ந்த உலோகத் துகள்களும், எரிந்த பெற்றோலின் கரியும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்வைகளும் அதில் கலந்துவிடுகின்றன. தூணின் அடியில் ஊற்றினால் முதல் மழையிலேயே அதில் ஒரு பகுதி கழுவப்பட்டு மண்ணுக்குள் போய்விடும். கொங்கிறீற் போடும்போது பலகைக்கு இந்த ஒயிலைப் பூசுவதும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டியதே. கறையானுக்கு வேறு வழி உண்டு. தூணின் அடியை மண்ணில் புதைக்காமல் சீமெந்துக் கட்டின் மேல் இரும்புத் தகட்டில் நிறுத்துங்கள். அதற்கு வசதியில்லையென்றால் பனை வைரத்தைப் பாவியுங்கள். வைரம் பாய்ந்த பனைமரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மோட்டர் கொட்டிலில் வைக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மேலே சொன்ன நீர். பெற்றோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் காபரேற்றரில், பெற்றோல் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்த இயந்திரம் எவருக்கும் தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். கிணற்றுக் கட்டுக்கு மூன்றடி தூரத்தில் அது கசிந்தால் கிணற்றுக்குள் கசிந்ததற்கு ஒப்பாகும். உரும்பிராய்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் இப்படி நடந்ததை நேரில் கண்டிருக்கிறேன். இரண்டு லீற்றருக்கும் குறைவான பெற்றோல்தான் ஒழுகியது. கிணற்றை மூன்று முறை இறைத்த பிறகும் அந்த வீட்டார் பல மாதங்கள் அந்த நீரை வாயில் வைக்கவில்லை. இரண்டாவது காரணம் தீ. பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு பாரமானது. புகையைப் போல மேலெழும்பாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். உறைநிலைக்கு மிகக் கீழே, ஏறத்தாழ மறை 40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை அது விடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் காலையில் மோட்டரின் ஆளியைப் போடும்போது ஆளிக்குள் எழும் சிறு பொறியே அந்த மூடிய கொட்டிலில் போதுமானது.

ஆகவே இடத்தைத் தெரிவு செய்யும்போது கிணற்றிலிருந்தும், குசினியிலிருந்தும், சுவாமி அறையிலிருந்தும் இயன்றவரை தள்ளி, வளவின் உயரமான பக்கத்தில், காற்றோட்டமுள்ள ஒரு கொட்டிலைத் தேர்ந்தெடுங்கள். தரை சீமெந்தாக இருக்க வேண்டும். ஓலையாலும் கிடுகாலும் மேய்ந்த கொட்டில் வேண்டாம். இப்போதுதான் வேலை முடித்த புல்வெட்டியின் சைலன்சர், அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லையே புகைய வைக்கும் சூட்டில் இருக்கும், கிடுகு அதற்கு எம்மாத்திரம். எந்த இயந்திரத்தையும் நன்றாக ஆறவிட்டு, கையால் தொட்டுப் பார்த்த பிறகே உள்ளே தள்ளுங்கள். இயந்திரத்தின் கீழ் ஒரு பழைய தகரத் தட்டை வையுங்கள். அதில் சிறிது மரத்தூளைப் பரப்பி வைத்தால், கசிவு இருக்கிறதா என்பது நிறமாற்றத்தைக் கொண்டே தெரிந்துவிடும்.

அந்தக் கொட்டிலில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நம் வீடுகளில் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை எங்காவது ஒரு மூலையில் வைத்திருப்போம். அதை ஒருபோதும் பெற்றோலுக்கும் ஒயிலுக்கும் அருகில் வைக்கக் கூடாது. குளோரின் தூள் வலுவான ஒட்சியேற்றி, ஒயிலோ பெற்றோலோ அதில் பட்டால் வெளியிலிருந்து நெருப்பு வைக்காமலே சூடேறித் தீப்பிடிக்கலாம். அது விடும் ஆவி இரும்பையும் செம்பையும் அரித்துவிடும். உர மூடைகளும் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வன. காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலகிலும் அடித்தட்டிலும் புதிய ஒயிலை ஒரு துணியால் மெல்லியதாகத் தடவினால் போதும். பொலித்தீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கும், அதனால் பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள்.

புத்தகத்தில் உள்ள பனிக்காலக் குறிப்புகளை அப்படியே பின்பற்ற முடியாததற்குக் காரணம், நம் இயந்திரம் ஓய்வெடுக்கும் காலம் குளிர்காலம் அன்று, கடும் வெயில் காலம் என்பதே. ஐப்பசி நடுவிலிருந்து மாசி வரை புல் தலைகாட்டுகிறது. சித்திரை முதல் புரட்டாதி வரை, சோளகம் புழுதியை வாரி இறைக்கும் மாதங்களில், இயந்திரம் மூலையில் நிற்கிறது. வெப்பத்தில் பெற்றோலின் இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். மீதமிருப்பது காற்றோடு சேர்ந்து பசையாகிக் காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். ஐந்தாறு மாதங்களுக்குப் பிறகு கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் ஏற்காமல் என்னிடம் கொண்டுவரப்படும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றின் குறை இதுதான். பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் இயந்திரத்தில் தங்கவிடாதீர்கள்.

பருவத்தின் கடைசி வெட்டுக்குத் தேவையான அளவை மட்டும் ஊற்றுங்கள். மிஞ்சியிருந்தால் ஒரு குழாயால் கானில் வடித்துவிட்டு, என்ஜினைத் திறந்த வெளியில் ஓடவிட்டுத் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். அப்போது காபரேற்றரில் இருப்பதும் எரிந்து தீர்ந்துவிடும். என்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போதே ஒயிலை மாற்றுங்கள், அப்போதுதான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். எமது வெப்பத்துக்கு எஸ்.ஏ.ஈ. 30 வகை ஒயில் பொருத்தமானது, ஆனால் புத்தகம் வேறு வகையைச் சொன்னால் அதையே கேளுங்கள். வேறெதைத் தொடுவதற்கும் முன்பாக, என்ஜினுக்குள் பொறியை உண்டாக்கும் பிளக்கின் மேலுள்ள தொப்பியைக் கழற்றி ஓரமாக விடுங்கள். அலகைக் கையால் சுற்றும்போது என்ஜின் தற்செயலாக ஏற்பதுண்டு. இதை மறந்தவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள், ஆகையால் எத்தனை முறையானாலும் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பின்னர் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு சிறு கரண்டி புதிய ஒயிலை விட்டு, துளையை ஒரு துணியால் மறைத்துக்கொண்டு கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுங்கள். உருளையின் சுவரில் ஒயில் படர்ந்து துருவைத் தடுக்கும். அதன் பின் பிளக்கைத் திரும்பப் பூட்டிவிடலாம்.

அடித்தட்டில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவதற்கு இயந்திரத்தைச் சரிக்க வேண்டியிருந்தால், காற்று வடிகட்டியும் காபரேற்றரும் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சரியுங்கள். மாறிச் சரித்தால் ஒயில் வடிகட்டிக்குள் இறங்கி, அடுத்த முறை வெண்புகை வீட்டை மூடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதை விட, மரச் சிராயால் சுரண்டுவதே நல்லது. கழுவத்தான் வேண்டுமென்றால் புற்றரையின் மேல் வைத்து, என்ஜின் பக்கம் நனையாமல், சிறிதளவு நீரால் புல்லை மட்டும் கழுவுங்கள். ஒயில் படிந்த பகுதிகளைத் துணியால் துடையுங்கள். கிணற்றடிக் கல்லில் வைத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

தோளில் கொளுவும் இயந்திரத்தில் ஒயில் தனியாக இல்லை, பெற்றோலோடு கலந்தே ஊற்றப்படுகிறது. கலவை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், நாற்பதுக்கு ஒன்று என்றால் 25, இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40. ஒயில் கூடினால் நல்லது என்று நினைத்துக் கூட்டுபவர்கள் சைலன்சரையும் பிளக்கையும் கரியால் அடைப்பதோடு, எரியாத ஒயிலைப் புகையாகவும் சொட்டாகவும் வளவில் விடுகிறார்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்தால் மிச்சமும் இல்லை, கழிவும் இல்லை.

பெற்றோலைச் சேமித்து வைக்கும் பழக்கம் நமக்கு ஏன் வந்தது என்பது எனக்கு நன்றாக விளங்கும். போர்க்கால எரிபொருள் தடையின்போது ஒரு போத்தல் பெற்றோலைப் பொன்னைப் போலப் பாதுகாத்து, அதில் சில துளிகளை விட்டு இயந்திரத்தை ஏற்றி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். 2022இல் வரிசைகளில் நாட்கணக்காக நின்றபோது அந்த அச்சம் திரும்பி வந்தது. அதனால் இன்றும் பல வீடுகளில் குளிர்பானப் போத்தல்களிலும் தண்ணீர்க் கான்களிலும் பெற்றோல் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. தயவுசெய்து அவற்றை அகற்றுங்கள். அந்தப் போத்தல்கள் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதைவிட, தண்ணீரென்று எண்ணி ஒரு பிள்ளை குடித்துவிடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

புற்றரைக்கு ஐந்து லீற்றருக்கு மேல் வீட்டில் வைத்திருக்கத் தேவையே இல்லை. எரிபொருளுக்கென்று செய்த தடித்த கானில், இறுக்கமான மூடியோடு, வெளியே பெரிய எழுத்தில் ‘பெற்றோல்’ என்று எழுதி வையுங்கள். கழுத்து வரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். பத்து லீற்றர் பெற்றோல், காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் 15 பாகை சூடேறினால், ஏறத்தாழ 140 மில்லிலீற்றர் விரிவடையும். தகரக் கொட்டிலில் அந்தச் சூடு ஏறுவது அரிதன்று.

இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தும்போது மனிதர்கள் மறந்தாலும் மற்ற உயிர்கள் மறப்பதில்லை. வேட்டுவக் குளவி சைலன்சரின் வாயிலும் காற்றுத் துளையிலும் மண்ணால் கூடு கட்டிவிடும். அந்தத் துளைகளைச் சிவப்புத் துணியால் அடைத்து, துணியின் வால் வெளியே தெரியும்படி விடுங்கள். ஓட்டுவதற்கு முன் கழற்ற வேண்டும் என்பதை அந்த நிறம் நினைவூட்டும். எலி, வயரைக் கடிப்பதோடு காற்று வடிகட்டியின் பஞ்சையும் இழுத்துக் கூடு செய்யும்.

மின்கலத்தில் ஓடும் புதிய புல்வெட்டிகளும் இப்போது வந்துவிட்டன. லிதியம் மின்கலத்தை இயந்திரத்திலிருந்து கழற்றி, பாதியளவு மின்னேற்றத்தோடு, வீட்டின் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். தகரக் கொட்டிலின் வெயில் அதன் ஆயுளைத் தின்றுவிடும். ஊதிப்போன மின்கலத்தை மின்னேற்றவும் வேண்டாம், குத்திப் பார்க்கவும் வேண்டாம், குப்பையோடு போடவும் வேண்டாம். இடிபட்டாலோ துளைபட்டாலோ குப்பை ஏற்றும் வண்டியிலேயே அது தீப்பிடிக்கலாம். ஈயமும் அமிலமும் உள்ள பழைய வகைப் பற்றரியைப் புதியது வாங்கும் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். அதன் அமிலத்தை நிலத்தில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் கேட்கும் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் கானில் உள்ள மூன்று லீற்றர் ஒயில். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008இல் வெளிவந்த ஒழுங்குவிதிகளின்படி, கழிவு ஒயில் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அதைச் சேகரிப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒயிலைச் சரியானவரிடம் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வாகனங்களுக்கு ஒயில் மாற்றும் சேவை நிலையங்கள் தமது கழிவு ஒயிலைத் தாங்கியில் சேர்த்துச் சேகரிப்பாளர்களிடம் கொடுப்பதுண்டு. உங்கள் மோட்டார் சைக்கிளுக்குச் சேவை செய்யும் இடத்தில், அவர்களின் ஒயில் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் உங்கள் கானையும் அங்கே கொடுங்கள். ‘பின்னால் ஒரு குழி இருக்கிறது’ என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். ஒழுங்காகச் சேகரிக்கப்படும் ஒயிலைச் சீமெந்துச் சூளையில் எரிபொருளாக்க முடியும். புத்தளத்தில் அந்த வசதி இருக்கிறது. 1400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட அந்த வெப்பத்தில் நச்சுச் சேர்வைகள் சிதைந்துவிடும். வீட்டு அடுப்பிலோ குப்பை நெருப்பிலோ அது நடக்காது.

ஒயிலைக் கொடுக்கும்வரை அது வந்த கானிலேயே, மூடியை இறுக்கி, ‘கழிவு ஒயில்’ என்று எழுதி, தகரத் தட்டின் மேல் வையுங்கள். அதற்குள் பெற்றோலையோ, தண்ணீரையோ, தெளிகருவியில் மிஞ்சிய களைநாசினியையோ கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் எவரும் அதை ஏற்கமாட்டார்கள், பின் அது என்றென்றைக்கும் உங்கள் கொட்டிலிலேயே கிடக்கும். ஒயில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் மரத்தூளைத் தூவி ஊறவிட்டு அள்ளுங்கள். அந்தத் தூளும், துடைத்த துணிகளும் மூடியுள்ள தகரத்தில் சேர்ந்து, ஒயிலோடு சேர்த்தே ஒப்படைக்கப்பட வேண்டியவை.

பழைய பெற்றோல் சற்று வேறு விடயம். சில மாதங்களே ஆகி, நிறம் கறுக்காமல், நீரும் ஒயிலும் கலக்காமல் இருந்தால், பத்துப் பங்கு புதிய பெற்றோலுக்கு ஒரு பங்காக மோட்டார் சைக்கிளில் கலந்து ஓடித் தீர்த்துவிடலாம். வார்னிஷ் போல மணக்கிறது என்றால் அதுவும் கழிவே. அதைக் கொண்டு சருகு கொளுத்த மட்டும் முயலாதீர்கள். ஊற்றுவதற்கும் நெருப்புக்குச்சி தட்டுவதற்கும் இடைப்பட்ட அரை நிமிடத்தில் ஆவி காலடிவரை பரவிவிடும். முகமும் கையும் வெந்தவர்களைப் பார்த்தவன் நான்.

வெட்டிய புல் கழிவே அன்று. ஒயில் படாத புல்லைச் சருகோடும் சாணத்தோடும் அடுக்கிக் கூட்டெருவாக்குங்கள், அல்லது மெல்லியதாகத் தென்னைக்கும் வாழைக்கும் அடியில் பரப்புங்கள். களைநாசினி தெளித்த புல்லை மட்டும் மாட்டுக்குப் போட வேண்டாம். தோளில் கொளுவும் இயந்திரத்திலிருந்து அறுந்து விழும் தங்கூசி (நைலோன் நூல்) துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் புல்லோடு கிடக்கும். ஆடு மாடு மேயும் வளவென்றால் வேலை முடிந்ததும் அவற்றைத் தேடிப் பொறுக்குவது அவசியம். கூட்டெருவிலும் அவை மக்காது. களைநாசினிப் போத்தல்களை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றிப் பாவித்து, அடியில் துளையிட்டு விடுங்கள். துளையிட்டால்தான் எவரும் அதை மண்ணெண்ணெய்ப் போத்தலாக்கமாட்டார்.

மாரி தொடங்கும்போது இன்னொன்று இருக்கிறது. வெற்று ஒயில் கான், கவிழாமல் மல்லாந்து கிடக்கும் தகரத் தட்டு, தறப்பாளின் மடிப்பு என்று நீர் தேங்கும் ஒவ்வொன்றிலும் டெங்கு நுளம்பு முட்டையிடும். கார்த்திகை முதல் தை வரை யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைதூக்கும் காலம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவதும் இவைதான். தட்டைக் கூரைக்குக் கீழேயே வையுங்கள், கான்களை மூடியோடு வையுங்கள். மின்கலம், வடிகட்டி, கழிவுத் துணி ஆகியவற்றை உங்கள் பிரதேச சபை எந்த நாளில் எப்படிப் பிரித்து எடுக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இயந்திரத்தைத் திரும்ப வெளியே எடுப்பதற்கு நவராத்திரியை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூசைக்கு எப்படியும் அதைத் துடைத்துச் சந்தனம் பூசுவோம், மழைக்கும் சில வாரங்களே இருக்கும். பிளக்கின் தொப்பி கழன்றிருக்கும்போதே சிவப்புத் துணிகளை எடுத்து, குளவிக் கூட்டைத் தட்டி, காற்று வடிகட்டியின் பஞ்சைச் சவர்க்கார நீரில் பிழிந்து உலர்த்தி இரண்டு துளி ஒயில் தடவிப் பூட்டுங்கள். அலகைத் தீட்டிய பின் அதன் நடுத்துளையை ஒரு ஆணியில் கொளுவிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் சிறிது தேய்க்க வேண்டும், இல்லையென்றால் நடுக்கம் என்ஜினின் அச்சைத் தேய்த்துவிடும். பெற்றோல் ஊற்றுவதைப் பூசை முடிந்து, கற்பூரமும் விளக்கும் அணைந்து, இயந்திரத்தைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோன பிறகே செய்யுங்கள்.